அகராதி சொன்ன சொல்

கண்ணாடிக்கடையில் வேலை பார்த்த அவளை வீட்டில் எல்லோரும் அகராதி என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டம் கொடுத்தவர் அவளுடைய கணவர். பஸ் டிப்போவில் மெக்கானிக். "இருங்க, எங்க வீட்டு அகராதியக் கேட்டுச் சொல்றேன்" என்று நண்பர்களிடம் பெருமையாகத்தான் ஆரம்பித்தார். அந்தச் சொல்லுக்கு நம்மிடம் இன்னொரு பொருளும் உண்டு என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சொந்தக்காரர்களில் யாராவது 'அகராதி பிடிச்சவ' என்று முணுமுணுத்தால் காதில் விழாத மாதிரி நகர்ந்துவிடுவாள்.

அவள் படித்தது பன்னிரண்டாவது வரை, தமிழில். ஆங்கிலம் கடையில் வந்தது. பல நாட்டுக்காரர்கள் பிழைக்க வந்து சேர்ந்த நகரம் அது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அவரவர் ஊர் ஆங்கிலம் பேசுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கண் பரிசோதனை முடிந்து வெளியே வந்த ஒரு பெரியவரிடம், "சார், யுவர் ஐஸ் ஆர் ஃபினிஷ்ட்" என்றாள். பரிசோதனை முடிந்தது என்று சொல்ல நினைத்தாள். உங்கள் கண்ணே முடிந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டாள். பெரியவர் சிரித்தார். அவர் மனைவி சிரித்தார். லென்ஸ் தேய்க்கிறவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். அன்று முழுக்க யார் எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுவாரமே பழைய புத்தகக்கடைக்குப் போய் ஆங்கிலப் புத்தகம் ஒன்று வாங்கினாள். ஒன்றுபோலத் தெரிகிற சொற்களை இரண்டிரண்டாக வைத்து வித்தியாசம் சொல்கிற புத்தகம். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தாள். 'சீ' என்றால் கண்ணில் தானாகப் படுவது, 'லுக்' என்றால் நாமாகத் திரும்பிப் பார்ப்பது, 'வாட்ச்' என்றால் பார்த்துக்கொண்டே இருப்பது. 'பாரோ' நாம் கடனாக வாங்குவது, 'லெண்ட்' நாம் கொடுப்பது. படித்ததை வைத்துக்கொள்ள இடமில்லாதவள்போல எதிரில் வந்தவர்களிடமெல்லாம் இறக்கி வைத்தாள்.

வேலை முடிந்து வந்த கணவர், "ஐ ஆம் வெரி டயர்ட்" என்று நாற்காலியில் சாய்ந்தால், "டயர்ட் வேற, ஸ்லீப்பி வேற. உங்க கண்ணப் பாத்தா ஸ்லீப்பி" என்பாள்.

"ரெண்டுக்கும் படுக்கத்தானே போறேன், விடேன்."

புத்தகத்தில் இருந்தவரை சரி. புத்தகத்தில் இல்லாத சொற்கள் வந்தபோது அவள் ஊகிக்க ஆரம்பித்தாள். முக்கால்வாசி ஊகம் சரியாகத்தான் இருந்தது. அதனாலேயே மீதிக் கால்வாசியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வருடங்கள் போகப் போக, ஒரு சொல் தெரியாது என்று சொல்வது மட்டும் அவள் வாய்க்கு வராமல் போயிற்று.

அவளுடைய தம்பி அந்த நகரத்துக்கு வந்தது பிறகு. கிடங்கு ஒன்றில் சாமான் தூக்கும் வண்டி ஓட்டினான். வேலை நிலைத்ததும் மனைவியை வரவழைத்துக்கொண்டான். பக்கத்துத் தெருவில் ஒரு அறை, ஒரு சமையலறை. தம்பி மனைவி ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்ந்தாள். அதிகம் பேசாத பெண். ஆனால் கேட்பதற்குக் கூச்சப்படமாட்டாள். தினமும் சாயங்காலம் வந்துவிடுவாள். "அண்ணி, இன்னிக்கு சூப்பர்வைசர் 'ஹர்ரி' சொன்னாரு. 'ஃபாஸ்ட்'டும் அதுதானே? எதுக்கு ரெண்டு வார்த்தை?" அகராதி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு விளக்குவாள். தன்னிடம் இவ்வளவு ஆர்வமாக யாருமே கேட்டதில்லை என்பதால் அந்தப் பெண்ணை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வந்த சில மாதத்தில் தம்பி மனைவி உண்டானாள். சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கி, மூன்றாம் மாதம் முடிவதற்குள் கலைந்துபோயிருந்தது. முதல் தடவை காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது. இரண்டாவது தடவை, நீண்ட பஸ் பயணம் போய்வந்த மறுநாள். இரண்டு தடவையும் தம்பி வெளியூரில் வேலையில் இருந்தான். அவள் அம்மா வீட்டில் இருந்தாள்.

முதல் மருத்துவச் சோதனைக்குத் தம்பிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "அக்கா இருக்கா, எனக்கென்ன கவலை?" என்றான். அகராதி கடையில் சொல்லிவிட்டு, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டர் நடுவயதுப் பெண். எந்த நாட்டுக்காரர் என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. மெதுவான குரல், ஆனால் வேகமான ஆங்கிலம். மேஜைமேல் கணினி, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை, பிளாஸ்டிக்கில் செய்த கர்ப்பப்பை. முன்பு கர்ப்பமாக இருந்ததுண்டா என்று டாக்டர் கேட்டது தம்பி மனைவிக்கே புரிந்துவிட்டது.

"டூ பேபி, டாக்டர்" என்று அவளே ஆரம்பித்தாள். "லாஸ்ட்."

அகராதி அவள் கையை அழுத்தினாள். "நீ சும்மா இரு. லாஸ்ட்டுன்னா சாவி, குடை தொலையறதுக்குச் சொல்றது. குழந்தைக்கு அப்படிச் சொல்லமாட்டாங்க." டாக்டர் பக்கம் திரும்பி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டூ அபார்ஷன், டாக்டர்."

நம் வீடுகளில் தானாகக் கலைந்தாலும் 'அபார்ஷன் ஆயிடுச்சு' என்றுதான் சொல்கிறோம். அவளும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கேட்டிருக்கிறாள். டாக்டர் தட்டச்சு செய்வதை நிறுத்தி, ஸ்பான்டேனியஸா, இண்ட்யூஸ்டா என்று கேட்டார்.

இரண்டும் புத்தகத்தில் இல்லாத சொற்கள். 'ஸ்பான்டேனியஸ்' என்பதைக் கடையில் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். விற்பனைப் பெண் ஒருத்தி கலகலவென்று பேசியதைப் பார்த்து, "வெரி ஸ்பான்டேனியஸ்" என்று ஒரு வாடிக்கையாளர் புகழ்ந்தார். அப்படியென்றால் மனசார, சந்தோஷமாக, தானே முன்வந்து செய்வது. எந்தப் பெண் குழந்தையைச் சந்தோஷமாகக் கலைத்துக்கொள்வாள்? அதனால் அது இல்லை. 'இண்ட்யூஸ்ட்' என்பதில் 'ட்யூ' இருக்கிறது. 'ட்யூ டு ஃபீவர்' என்றால் காய்ச்சலால். காய்ச்சலால் ஒன்று, பயணத்தால் ஒன்று. இதுதான் பொருத்தம். இவ்வளவும் ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரத்தில் அவள் மனதில் ஓடி முடிந்தது.

"இண்ட்யூஸ்ட், டாக்டர். போத்."

"போத்?"

"யெஸ். போத் இண்ட்யூஸ்ட்."

டாக்டர் தம்பி மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலை இன்னும் தணித்து, இந்தக் குழந்தையையாவது வைத்துக்கொள்ள விருப்பமா என்று 'கீப்' போட்டு ஒரு கேள்வி கேட்டார். பத்திரமாக வைத்துக்கொள்வாளா என்று கேட்பதாக அகராதி எடுத்துக்கொண்டாள். "யெஸ் யெஸ், வெரி கேர்ஃபுல்லி கீப்பிங்" என்றாள். டாக்டர் புன்னகை செய்தார். அகராதிக்கு நிம்மதியாக இருந்தது.

வெளியே வந்ததும் தம்பி மனைவி கேட்டாள். "என்ன அண்ணி கேட்டாங்க, கடைசியா?"

"உன் ஹிஸ்டரி. நான் சொல்லிட்டேன், விடு."

"நீங்க இல்லன்னா நான் முழிச்சிருப்பேன் அண்ணி."

அகராதி அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே படியிறங்கினாள்.

அடுத்த சோதனைக்குத் தம்பி போனான். திரும்பியதும் மனைவியை அறையில் விட்டுவிட்டு நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். மத்தியான வேளை, அவளுக்கு வார விடுமுறை. உட்காராமல் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, டெர்மினேஷன்னா என்ன?"

"வேலைய விட்டுத் தூக்குறது. ஏன், உங்க கிடங்குல யாரையாவது தூக்கிட்டாங்களா?"

"அது எனக்கும் தெரியும். குழந்தைக்குச் சொன்னா என்ன அர்த்தம்?"

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"நர்ஸ் கம்ப்யூட்டரப் பாத்துச் சொல்றாங்க. முன்னாடி ரெண்டும் டெர்மினேஷனாம். அவங்களா முடிவு பண்ணிக் கலைச்சதாம். அதனால இந்தத் தடவை பயப்பட ஒண்ணுமில்ல, தனியா டெஸ்ட் எதுவும் வேண்டாமாம்." அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "நான் அப்ப ஊர்ல இல்லக்கா. ரெண்டு தடவையும் போன்லதான் சொன்னாங்க. காய்ச்சல்னாங்க, பஸ்ஸுன்னாங்க. நான் நம்பினேன்."

 என்ன நடந்திருக்கிறது என்று அகராதிக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் டாக்டர் "போத்?" என்று திருப்பிக் கேட்டது காதுக்குள் ஒலித்தது.

"நர்சு எதையாவது மாத்திப் பாத்திருப்பா" என்றாள். "ஒரு நாளைக்கு எத்தன பேரப் பாக்கறாங்க. அவளப் போய்ச் சந்தேகப்படாத."

"அக்கா, அதுல தெளிவா எழுதியிருக்கு."

"எழுதினவங்க தப்பா எழுதியிருப்பாங்கடா!"

தப்பு டாக்டருடையது என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

மறுநாள் கடையில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் கைபேசியை எடுத்து இரண்டு சொற்களையும் தேடினாள். அபார்ஷன் என்பதோடு சேரும்போது 'ஸ்பான்டேனியஸ்' என்றால் தானாக நிகழ்வது. 'இண்ட்யூஸ்ட்' என்றால் வேண்டுமென்றே செய்துகொள்வது. வேறு இடத்தில் தேடினாள். அங்கும் அதுதான். தானாகக் கலைவதற்குச் சாதாரணமாகச் சொல்லும் 'மிஸ்கேரேஜ்' என்ற வேறொரு சொல் இருப்பதையும் அப்போதுதான் பார்த்தாள். யாரோ கண்ணாடி துடைக்கும் துணி கேட்டார். காலிப்பெட்டியை எடுத்து நீட்டினாள்.

முதலில் அவளுக்கு வந்தது தம்பி மனைவியின் நினைப்பு அல்ல. அதைப் பின்னால் அவளே பலமுறை நினைத்து நொந்துகொண்டாள். முதலில் தெரிந்தது தம்பியின் முகம், இது தெரிந்தால் அது எப்படி மாறும் என்பது. பிறகு கணவர். பிறகு அந்த நர்ஸ். பழைய பெரியவரும் அவர் மனைவியும் சிரித்த சிரிப்பு இத்தனை வருடம் கழித்து அப்படியே கேட்டது. 'டாக்டர் இன்னும் தெளிவாக் கேட்டிருக்கணும்' என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை.

யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் மருத்துவமனைக்குப் போனாள். கவுன்ட்டரில் வரிசை. முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர நகர, சொல்லவேண்டியதை மனதில் ஆங்கிலத்தில் கோத்துக்கொண்டே இருந்தாள். அவள் முறை வந்தது. நர்ஸ் நிமிர்ந்து, முதல் சோதனைக்குக் கூட வந்தவள் என்று அடையாளம் கண்டு, சிரித்தாள். "யெஸ், மேடம்?" அந்த 'மேடம்' என்ற மரியாதையை இழக்க மனம் வரவில்லை. கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டு, காட்டிய பக்கம் போய், பின்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டாள்.

அந்த வாரமே தம்பி மனைவி கடைக்கு வந்தாள். தொழிற்சாலைச் சீருடையோடு, தலையில் கட்டும் வலைத்தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி. கடைக்கு அவள் வருவது அதுவே முதல் தடவை. கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய அலமாரி ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம்."

"என்னம்மா? உடம்பு நல்லாருக்கா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. அவருதான் என்கிட்ட பேசமாட்டேங்கறாரு. சாப்பாடு வெச்சா சாப்பிடறாரு, போயிடறாரு. முந்தாநாள் திடீர்னு, 'உங்கம்மா என்கிட்ட எதையாவது மறைச்சாங்களா'ன்னு கேட்டாரு. எதைன்னு கேட்டா எழுந்து போயிட்டாரு." அவள் வலைத்தொப்பியை விரித்துத் திரும்பச் சுருட்டினாள். "நான் என்ன தப்புப் பண்ணினேன் அண்ணி? உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

கடையில் வேறு யாரும் இல்லை. லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. சொல்லியிருக்கலாம். தமிழிலேயே சொல்லியிருக்கலாம். வித்தியாசம் எதுவும் பார்க்க வேண்டாத நாலு வார்த்தை போதும்.

"ஷிப்டு மாறிமாறி வருதில்ல, அலுப்பா இருக்கும்" என்றாள் அகராதி. "ஆம்பளைங்க அப்படித்தான். நீ ஒண்ணும் நெனச்சுக்காத."

தம்பி மனைவி அவளையே பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். பஸ் நிறுத்தத்தில் அவள் நிற்பது கடையின் முகப்புக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அகராதி உள்பக்கமாகத் திரும்பி, ஏற்கனவே ஒழுங்காக இருந்த சட்டங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் கழித்து, முற்பகலில், தம்பி போன் செய்தான். வேலையிடத்தில் அவன் மனைவிக்கு ரத்தம் பட ஆரம்பித்து, அங்கிருந்தே வண்டியில் கொண்டு போயிருக்கிறார்கள். "அக்கா, வா. எனக்கு ஒண்ணும் பேச வரமாட்டேங்குது."

அவசரப் பிரிவில் திரை போட்ட கட்டிலில் தம்பி மனைவி படுத்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. தம்பி கிடங்குச் சட்டையோடு கால்மாட்டில் நின்றான். அதே டாக்டர், கையில் கோப்போடு, எப்போது ஆரம்பித்தது, வலி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அகராதியைக் கண்டதும் தம்பி மனைவி கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடிக்காமல் அகராதி டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"டாக்டர், நாட் இண்ட்யூஸ்ட்" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "ஷி டிட் நாட் டூ. பேபி கேம் செல்ஃப். டூ டைம்ஸ். ஷி க்ரை. ஐ டெல் ராங். ஐ டோன்ட் நோ த வேர்ட், ஐ டெல்." அவள் கலைக்கவில்லை, தானாகக் கலைந்தது என்று சொல்லப் பார்த்தாள்; பல வருடம் சேர்த்த இலக்கணம் எல்லாம் எங்கோ போய்விட்டது. கடைசியில், "லாஸ்ட்" என்றாள். "டூ பேபி லாஸ்ட், டாக்டர்."

டாக்டருக்குப் புரிந்தது. கோப்பைத் திறந்து ஒரு வரியைக் கோடு போட்டு அடித்தார். நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். ரத்தம் எடுக்கக் குழாய்கள் வந்தன. "இப்போது சொன்னதற்கு நன்றி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கோபமே இல்லை. அந்த 'இப்போது' மட்டும் தைத்தது.

தம்பி இதற்குள் அர்த்தம் பிடித்துவிட்டான். "நீயாக்கா சொன்ன?"

அவள் ஆமாம் என்றாள்.

"அன்னிக்கு நான் வாசல்ல நின்னு கேட்டேனே."

 அவன் கட்டிலின் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்து, மனைவியின் கையில் நெற்றியை வைத்துக்கொண்டான்.  என்ன நடந்தது, அவன் ஏன் பேசாமல் இருந்தான் என்பதை அப்படியே குனிந்தபடி அவளுக்குச் சொன்னான். தம்பி மனைவி கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணோரம் வழிந்தது காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

குழந்தையின் துடிப்பு இருந்தது. ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மை அவளுக்கு இருப்பது சோதனைகளில் தெரிந்தது. முன்பு இரண்டும் கலைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். முதல் நாளே தெரிந்திருந்தால் அப்போதே சோதித்திருப்பேன் என்றும் சொன்னார். அன்றிலிருந்து தினம் வயிற்றில் ஒரு ஊசி. தம்பியே போடக் கற்றுக்கொண்டான்.

வார்டில் இருந்த நாட்களில் ஒரு மத்தியானம், தம்பி சாப்பிடப் போயிருந்தபோது, அகராதி கட்டில் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். "என்ன மன்னிச்சிடும்மா" என்றாள். பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. வாயில் வந்தபோது சின்னதாக இருந்தது. "அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியல."

"வார்த்தை தெரியாதது ஒண்ணுமில்ல அண்ணி. எனக்குத் தெரியாததா? ஆயிரம் தெரியாது." தம்பி மனைவி போர்வையைச் சரிசெய்தாள். "நான் கடைக்கு வந்தேனே. அன்னிக்கு உங்களுக்குத் தெரியும்தானே?"

பொய் சொல்ல இடமே இல்லாத கேள்வி. "தெரியும்" என்றாள் அகராதி.

 தம்பி மனைவி தலையணையில் சாய்ந்துகொண்டு, "தண்ணி எடுத்துத் தரீங்களா" என்றாள். அகராதி எடுத்துக் கொடுத்தாள்.

கணவரிடம் அன்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் நெடுநேரம் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவளை அகராதி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். யாரும் சொல்லி அவர் விடவில்லை. அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கூசியது.

பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் முன்கூட்டியே, எடை குறைவாக. ஆனால் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. ரத்தம் பட்ட நாளுக்கு அப்புறம் வந்த சோதனைகளுக்கெல்லாம் தம்பியும் மனைவியும்தான் போனார்கள். புரியாதபோது தொலைபேசியில் மொழிபெயர்க்கிற ஆளை மருத்துவமனையே ஏற்பாடு செய்தது. அப்படி ஒரு வசதி முன்பே இருந்ததாம், கேட்டால் கொடுப்பார்களாம். அகராதி சில தடவை கூடப்போய், பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

உறவு அறுந்துபோகவில்லை. தம்பி வருகிறான், போகிறான். தம்பி மனைவி குழந்தையை அவள் மடியில்தான் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். "அண்ணி, சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறாள். சொன்னால் சிரிக்கிறாள். ஆனால் ஒரு சொல்லுக்குக்கூட அவளிடம் அர்த்தம் கேட்பதில்லை.

குழந்தைக்குச் சளி பிடித்திருந்த ஒரு காலை, தம்பி மனைவி மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்து, அதன்மேல் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "மே காஸ்... ட்ரௌ... ட்ரௌசி..." நின்றாள். அகராதி குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தாள். அந்தச் சொல் அவளுக்கு நன்றாகத் தெரியும். 'ஸ்லீப்பி'க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்கூடத் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது.

தம்பி மனைவி அவளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, கீழ்வீட்டுக்காரப் பெண்ணிடம் கேட்பதற்குப் படியிறங்கிப் போனாள்.

அகராதி இன்னொரு சின்னச் சட்டையை எடுத்துக் கைகளை உள்பக்கமாக மடித்தாள்.